பூக்காரரின் கால் மைல்

வெர்லின் ஸ்டக்கியின் வண்டியில் போனவர்கள் யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. க்ரெடெல் ஈமச்சடங்கு இல்லத்தின் அமரர் ஊர்தியை முப்பது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறவர் அவர். எங்கள் ஊரில் மெதடிஸ்டோ, பாப்டிஸ்டோ, சர்ச் வாசலையே மிதிக்காதவரோ, யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு நாள் வெர்லினோடு போயாக வேண்டும்.

அவருடைய பெருமை பூவில் இருந்தது. பெட்டியின் மேல் வைக்கிற பூச்செண்டு, சர்ச் வாசலில் எப்படி இருந்ததோ அப்படியே கல்லறைக்குப் போய்ச் சேரும். ஒரு இதழ் நகராது. வண்டி கிளம்பியதே உள்ளே இருப்பவருக்குத் தெரியாது என்று க்ரெடெல் பெருமையடிப்பார். உள்ளே இருப்பவருக்கு வேறு என்ன தெரிந்தது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்குப் போன வசந்தத்தில் நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத் திருப்பத்தில் கட்டில் கொஞ்சம்கூட ஆடவில்லை. ‘நல்லா ஓட்டுறாங்க’ என்று தொழில்முறையில் மனசுக்குள் பாராட்டினார். அதற்கு அப்புறம்தான் படுத்திருப்பது தான் என்பது உறைத்தது. கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக, வெர்லினுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் போவது பிடிக்காமல் போனது.

நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குழாயை வைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பிய கையோடு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. கிளச் கிடையாது, ஆட்டோமேட்டிக். காரை நிறுத்த கராஜில் இடம் வேண்டுமே. பாதி மான் கறியும் ஒரு கோடை முழுக்கச் சேர்த்த சோளமும் இருந்த பெரிய ஃப்ரீசர் வெளியே கொல்லைப்புறத்துக்குப் போனது. அவர் மனைவி நெட்ராவுக்குக் கோபம் வந்தது காரினால் அல்ல, ஃப்ரீசரால்.

“இது எதுக்கு?” என்று காரைச் சுற்றி வந்து கேட்டாள்.

“வேகமாப் போறதுக்கு. பந்தயத்துக்கு.”

“நீயா?”

ஒரே சொல்தான். வெர்லினுக்கு அது நெஞ்சுவலியைவிட வலித்தது.

“சரி, பந்தயத்துக்குப் போறேன்னு சொல்றே. போ. சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு கப்பு கொண்டு வா. என் உப்பு மிளகு ஜாடி ஷெல்ஃபுல அதுக்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன். கப்பு வரலைன்னா கார் போகும், ஃப்ரீசர் உள்ளே வரும்” என்றாள் நெட்ரா. அதோடு விட்டாளா? ஹார்டுவேர் கடைக்குப் போய், கறுப்பில் ஆரஞ்சு எழுத்தாக ‘விற்பனைக்கு’ என்று போட்ட அட்டை ஒன்றையும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நெட்ரா சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் பந்தயத் தடம் ஊருக்கு வெளியே சோயாபீன்ஸ் வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கால் மைல் நீளம், நேர்கோடு. இரண்டு இரண்டு வண்டியாக ஓடும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் வேகத்துக்கு அல்ல, வாக்குக்கு. கால் மைலை எத்தனை வினாடியில் கடப்பேன் என்று வெள்ளை ஷூ பாலிஷால் கார்க் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். அதிக நேரம் எழுதியவருக்கு முதலில் பச்சை விளக்கு, குறைவாக எழுதியவருக்கு அப்புறம். இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் எல்லைக் கோட்டில் மூக்கோடு மூக்கு உரசும். யார் முந்துகிறாரோ அவர் ஜெயித்தார். ஆனால் எழுதியதைவிட வேகமாகப் போய்விட்டால் தோல்வி. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு மளிகை வேனும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் சரிக்குச் சரி மோத வேறு வழி இருந்தால் சொல்லட்டும்.

வெர்லினுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தவன் நெட்ராவின் தம்பி ஆரின். கம்பளம் விற்கிறவன். தானே கியர் போட்டு ஓட்டாத எவனையும் மனிதனாக மதிக்காதவன்.

“ஆட்டோமேட்டிக்கா! போச்சு போ. கியரும் அதுவே போடும், கிளச்சும் இல்லை. நீ எதுக்கு மச்சான் உள்ளே? சும்மா எடைக்கா?” என்று ஆரம்பித்தான். ஆனாலும் சொல்லிக்கொடுத்தான். “இடது கால் பிரேக்குல. நல்லா அழுத்து. வலது காலால ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. வண்டி பின்பக்கம் உட்காரும், பூனை பாயறதுக்கு முன்னாடி உட்காருமே, அப்படி. கம்பத்துல மூணு மஞ்சள் விளக்கு இறங்கும். கடைசி மஞ்சள் வந்ததும் பிரேக்கை விடு, வலது காலைத் தரையோட அமுக்கு. பச்சைக்குக் காத்திருந்தா நீ கெட்டே. அவ்வளவுதான். குரங்குகூடச் செய்யும்.”

குரங்கு செய்யும். குரங்கு முப்பது வருஷம் அமரர் ஊர்தி ஓட்டியதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வெர்லினுக்கு வாய்த்ததே சுடுகாட்டுப் பழக்கம்.

முதல் ஞாயிறன்று, தடத்துக்கு வந்ததும் கை தானாகப் போய் முன்விளக்கைப் போட்டது. பட்டப்பகல். கோட்டை நோக்கி அவர் கார் ஊர்ந்து வந்த அழகைப் பார்த்து, வேலியோரம் நின்ற இரண்டு கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். இடது காலை பிரேக்கில் வைத்தார், வலது காலால் ஏற்றினார், கார் உறுமிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பச்சையும் வந்தது. வெர்லின் கிளம்பவில்லை. பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறைக்குக் கிளம்பும்போது பின்னால் துக்க வீட்டார் கார்கள் எல்லாம் வரிசைக்கு வந்தாயிற்றா என்று பார்க்காமல் அவர் ஒருநாளும் கிளம்பியதில்லை. அன்று பின்னால் ஆரின் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“போ மச்சான்! போயேன்!”

போனார். பிரேக்கை விட்டு வலது காலை அமுக்கினார். நானூற்றுச் சொச்சம் குதிரைகள் ஒரே சமயத்தில் உதைத்ததும் கார் பாய்ந்தது, தலை இருக்கையில் மோதியது, வெர்லின் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, வாய்விட்டு அலறினார்.

“ஐயோ, பூ!”

கண்ணாடி இறக்கியிருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்கிற ஹாஸ்கெலுக்கு அந்த மாதத்துக்கு வேறு சரக்கே தேவைப்படவில்லை. “பூக்காரர் வருகிறார், வழி விடுங்கள்!” என்று அன்றைக்கு ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மற்றவர்களுக்குச் சின்ன வயதிலேயே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும் என்றால், வெர்லினுக்கு இந்த வயதில் ஒட்டிக்கொண்டது பூக்காரர்.

கோடை பூராவும் இதே கதை. அமுக்குவார், பாயும், “பூ!” என்று அலறிப் பிரேக் போடுவார். பின்னால் ஒன்றுமே இல்லை என்பது மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. ஆரின் பின்சீட்டைக் கழற்றிப் பார்த்தான். பின்கண்ணாடியில் சாக்குத் துணியைக் கட்டிப் பார்த்தான். ஒரு பூச்செண்டை வாங்கி வந்து, வெர்லின் கண்ணெதிரே காலில் போட்டு மிதித்தும் காட்டினான். அதைப் பார்த்து வெர்லின் கண் கலங்கினார், வேறு பலன் ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் ஆரின் கையை விரித்துவிட்டான். “என்னால ஆகாது. நீ எப்படி ஓட்டுவியோ அப்படியே ஓட்டித் தொலை.”

வெர்லின் அப்படியே ஓட்டித் தொலைத்தார். பெட்டி ஏற்றிய வண்டியைக் கிளப்புகிற மாதிரியே கிளப்பி, அதே சீராகக் கால் மைலைக் கடந்தார். நேரச்சீட்டில் பதினேழரை வினாடி. மறுபடி ஓட்டினார். பதினேழரை. ஆரின் சீட்டை வாங்கிப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான். மூன்றாவது தடவையும் பதினேழரை.

“கடவுளே” என்றான் ஆரின். “மச்சான், பாலிஷை எடு!”

சொன்ன சொல் தவறாத பந்தயத்தில், முப்பது வருஷமாக ஒரே மாதிரி கிளம்பிய காலை யார் ஜெயிப்பது? கண்ணாடியில் 17.5 என்று எழுதிக்கொண்டு அந்த மஞ்சள் கார் தடத்துக்கு வந்ததும் கூட்டம் முகத்தைச் சுளித்தது. அந்த எஞ்சினுக்கு அது அவமானம். பால் வண்டியே அதைவிட வேகமாகப் போகும். ஆனால் பக்கத்துத் தடத்தில் நிற்கிறவனுக்குப் பைத்தியம் பிடித்தது. அவ்வளவு பெரிய கார் அவ்வளவு மெதுவாகக் கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு, தன் பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் பொறுக்கமாட்டாமல் முன்னாலேயே கிளம்பிச் சிவப்பு விளக்கு வாங்கி வெளியேறினார்கள். மீதிப் பேர் துரத்தோ துரத்தென்று துரத்தி, எழுதியதைவிட வேகமாகப் போய்த் தோற்றார்கள். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

தோற்றவனிடம் வெர்லின் நேரே போவார். இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொள்வார். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, “உங்க இழப்புக்கு வருத்தப்படுறேன்” என்பார். கிண்டல் இல்லை. அவருக்கு வேறு சொல்லத் தெரியாது. ஒரு லாரிக்காரன் அடிக்கவே வந்துவிட்டான்.

இப்படியாக அக்டோபரில், சீசனின் கடைசிப் பந்தயத்தில், வெர்லின் ஒவ்வொருவராகத் தாண்டி இறுதிச் சுற்றுக்கு வந்து நின்றார். நெட்ரா அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தடத்துக்கு வந்திருந்தாள். மரப்படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் மாவில் முக்கிப் பொரித்த சாசேஜ் குச்சி, இன்னொரு கையில் ‘விற்பனைக்கு’ அட்டை. வெயிலுக்கு அந்த அட்டையாலேயே விசிறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அதை உள்ளே வை. இன்னும் ஒரே ஓட்டம், கப்பு நம்ம வீட்டுல” என்றான் ஆரின்.

“நாலு மணி நேரமாப் பார்க்கிறேன்டா” என்றாள் நெட்ரா. “இது வேகமாப் போற கார்னு சொன்னான். என் ஃப்ரீசர்கூட இதைவிட வேகமாக் கொல்லைக்குப் போச்சு.”

“ஜெயிக்கிறானா இல்லையா?”

“ஜெயிக்கிறான், ஜெயிக்கிறான்” என்று குச்சியைக் கடித்தாள். அவள் குரலில் என்னவோ குறைந்தது. ஆரினுக்கு அது காதில் ஏறவில்லை.

இறுதிச் சுற்றில் எதிரி ட்ரெசா ப்ரூபேக்கர். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, சிரித்தால் அடுத்த மாவட்டத்துக்குக் கேட்கும். சீசன் முழுக்க அவள் வண்டி கியர்பெட்டி உடைந்து ஷெட்டில் கிடந்ததால் வெர்லின் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. பழைய அமரர் ஊர்தி. அதே நீளம், அதே வெள்ளித் தகடு, பக்கக் கண்ணாடியில் அதே மாதிரி மடிப்பு வைத்த திரை. ஊதா வர்ணம் அடித்து, முன்மூடியை வெட்டி, ஒரு பிசாசு எஞ்சினை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்திருந்தாள். கதவில் ‘கடைசிச் சவாரி’ என்று எழுதியிருந்தது.

“வாங்க பூக்காரரே!” என்று ஜன்னல் வழியே கத்தினாள் ட்ரெசா. “கால் வலிச்சா சொல்லுங்க, பின்னாடி படுக்க இடம் இருக்கு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெர்லின் சிரிக்கவில்லை. தொழில்காரரின் கண் தன்னைமீறித் திரையைப் பார்த்தது. சுத்தமாகத் தோய்த்து, ஒழுங்காக மடிப்பு வைத்திருந்தாள்.

ட்ரெசா எழுதியிருந்தது பதின்மூன்றரை. ஆகையால் வெர்லினுக்கு முதலில் பச்சை, நாலு வினாடி கழித்து அவளுக்கு. மஞ்சள் இறங்கியது. வெர்லின் தன் வழக்கப்படி, உள்ளே யாரோ உறங்குகிற மாதிரி, காரைக் கிளப்பினார். பூ நகரவில்லை. ஒலிபெருக்கியில் ஹாஸ்கெல் மரியாதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கப்பு கிட்டத்தட்ட ஷெல்ஃபில் உட்கார்ந்துவிட்டது.

அப்போது பழக்க தோஷத்தில் பின்கண்ணாடியைப் பார்த்தார்.

முப்பது வருஷமாகப் பின்கண்ணாடியில் அவர் பார்த்ததெல்லாம் தனக்குப் பின்னால் வருகிற துக்க வீட்டார் கார்களைத்தான். இன்றைக்கு அதில் ஒரு அமரர் ஊர்தி தெரிந்தது. கோட்டில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதற்குப் பச்சை விழுந்தது. மூக்கைத் தூக்கியது. திரைகள் படபடக்க, இரண்டு பக்கமும் புகை கக்கிக்கொண்டு, அவரைப் பார்த்து வந்தது. எந்த வண்டி எல்லோரையும் மெதுவாகத்தான் ஏற்றிக்கொண்டு போகும் என்று ஆயுசு முழுக்க நம்பியிருந்தாரோ, அந்த வண்டி ஓடி வந்தது. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போன அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

கப்பு மறந்தது. கண்ணாடியில் எழுதிய வாக்கு மறந்தது. பூவும் மறந்தது. வெர்லினின் வலது கால் தரையோடு அமுங்கியது.

“நான் வரலை!” என்று அலறினார். “நான் வரலை!”

கார் இரண்டு கியர் இறங்கி, குரலை மாற்றி, வாங்கின நாளிலிருந்து தேக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. வெர்லினின் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. கன்னம் காதுப் பக்கம் போனது. எல்லைக் கோட்டைத் தாண்டியது அவருக்குத் தெரியாது. தாண்டியும் காலை எடுக்கவில்லை. வேகம் தணிக்கிற இடம் போனது, மணல் படுகை போனது, வேலி ஒன்று போனது, மஞ்சள் கார் சோயாபீன்ஸ் வயலுக்குள் இறங்கிப் பாதி தூரம் உழுதுவிட்டு நின்றது.

ஒலிபெருக்கியில் ஹாஸ்கெல், “சொன்னதைவிட வேகமாகப் போன குற்றத்துக்காக,” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார், “பூக்காரர் தோற்றார். இந்தத் தடத்தில் இவ்வளவு பெரிய குற்றத்தை யாரும் செய்ததில்லை.”

ட்ராக்டர் வைத்துக் காரை இழுத்து வந்தார்கள். முகப்பில் ஒரு கட்டுச் செடி மாட்டியிருந்தது, வேலிக் கம்பி ஒன்று பின்னால் தோரணம் மாதிரி இழுபட்டது. வெர்லின் இறங்கினார். ட்ரெசா கப்பை இடுக்கிக்கொண்டு வந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

“உங்க இழப்புக்கு வருத்தப்படுறேன், பூக்காரரே.”

ஆரினுக்கு அழுகையே வந்துவிட்டது. “கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே! சும்மா போயிருந்தா ஜெயிச்சிருப்பியே மச்சான்! எதுக்கு, எதுக்கு அமுக்கினே? சீசன் பூரா அமுக்கு அமுக்குன்னு கத்தினேனே, அப்பல்லாம் அமுக்காம இன்னிக்கா?”

படிக்கட்டிலிருந்து நெட்ரா இறங்கி வந்துகொண்டிருந்தாள், கையில் அந்த அட்டையோடு. வெர்லின் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். சொன்னால் சொன்னதுதானே.

நெட்ரா சாவியை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அறுபத்திரண்டு வயசில் அந்த முகம் அப்படிச் சிவந்து அவள் பார்த்ததில்லை. “யாருகிட்ட வரலைன்னு கத்தினே?” என்றாள் மெதுவாக.

வெர்லின் ஊதா வண்டியைக் கையால் காட்டினார். “அது வந்துது நெட்ரா. என் பின்னாடியே வந்துது.”

ஆரின் வாயைத் திறந்தான். “நீ சும்மா இருடா” என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் அவள் அந்த வண்டியையும் அதன் திரையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்து போனவள் அவள்தான். பிறகு மஞ்சள் காரின் கதவைத் திறந்தாள். இருக்கையெல்லாம் வயல் மண். ‘விற்பனைக்கு’ அட்டையை அதன்மேல் போட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“அது மறுபடியும் வரும் இல்ல?” என்றாள்.

“வரும்” என்றார் வெர்லின்.

“இதை வித்துட்டா அப்ப எதுல ஓடுவே?”

வெர்லின் சுற்றி வந்து ஓட்டுகிற பக்கம் ஏறினார். இடது காலை பிரேக்கில் வைத்தார். கை முன்விளக்கு சுவிட்சுக்குப் போனது. நெட்ரா அதைத் தட்டிவிட்டாள்.

“கிளம்பு. பின்னாடி பூ ஒண்ணும் இல்லை.”

மஞ்சள் கார் பாய்ந்தது. தடத்து வாசலில் கொட்டியிருந்த சரளைக்கல் பாதி ஆரினின் சட்டைமேல் வந்து விழுந்தது.